லாக்டிக் ஆசிட்தான், ஓடு கண்ணு

என்னிடம் எல்லா வலிக்கும் ஒரே விளக்கம் இருந்தது. தொடை வலிக்கிறதா? லாக்டிக் ஆசிட். கெண்டைக்கால் இறுகிக்கிடக்கிறதா? லாக்டிக் ஆசிட். நேற்று கபடி ஆடிய பையன் இன்று மாடிப்படி இறங்க முடியாமல் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறானா? சந்தேகமே வேண்டாம், அதேதான். வைத்தியமும் ஒன்றுதான்: "மெதுவா நாலு ரவுண்டு ஓடு கண்ணு, கரைஞ்சிரும்."

கோவைப் பக்கம் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருந்தேன். பி.டி. வாத்தியாருக்கு ஸ்டாஃப் ரூமில் என்ன மரியாதை என்பது அந்த வேலையில் இருந்தவர்களுக்குத் தெரியும். போர்ஷன் முடிக்காத கணக்கு வாத்தியார் வந்து, "உங்க பீரியட நான் எடுத்துக்கட்டுங்களா?" என்று கேட்பார். கேட்கும்போதே கையில் சாக்பீஸ் இருக்கும். மழை வந்தால் என் வகுப்பு கிடையாது, பரீட்சை வந்தால் கிடையாது, கல்வி அதிகாரி வந்தால் மட்டும் அணிவகுப்புக்கு நான் வேண்டும். அப்படிப்பட்டவன் வாயிலிருந்து ஒரு வேதியியல் பெயர் வந்து விழும்போது பெற்றோர்கள் கொஞ்சம் நிமிர்ந்து பார்ப்பார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது. உண்மையைச் சொன்னால், அந்தப் பெயரை நான் இத்தனை வருஷம் விடாமல் வைத்திருந்ததற்கு அதுதான் முதல் காரணம். அது சரியா தவறா என்பதெல்லாம் யோசித்ததே இல்லை.

நானாகக் கண்டுபிடித்ததும் இல்லை அது. உடற்கல்வியியல் படித்தபோது எழுதிக்கொடுத்த நோட்ஸில் இருந்தது: ஆக்சிஜன் போதாதபோது தசையில் லாக்டிக் அமிலம் சேர்கிறது, அதனால் களைப்பும் வலியும் உண்டாகின்றன. பரீட்சையில் எழுதினேன், மதிப்பெண் வந்தது. விஷயம் அத்தோடு முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

ஒன்பதாவது படித்த ஒரு பிள்ளை 1500 மீட்டர் ஓடுவாள். அம்மா ஸ்பின்னிங் மில்லில் ஷிப்டு வேலை. ராத்திரி ஷிப்டு முடிந்து அம்மா வீட்டுக்கு வரும் நேரத்துக்கு இவள் கிளம்பி கிரவுண்டுக்கு வந்துவிடுவாள். ஒல்லி உடம்பு. தலை ஆடாது, தோள் ஏறாது, கடைசிச் சுற்றில்தான் வேகம் எடுப்பாள். அப்படி ஒரு ஓட்டம் ஒரு பள்ளி வாத்தியாருக்கு எப்போதாவதுதான் கிடைக்கும். குறுவட்டப் போட்டியில் சுலபமாக ஜெயித்தாள். அடுத்தது மாவட்டம், அப்புறம் மாநிலம் என்று எனக்கு ஆசை வந்துவிட்டது. அவள் ஓடிக்கொண்டிருந்த தூரத்தை ஒரேயடியாகக் கூட்டினேன். இறுகிக்கிடக்கும் செம்மண் கிரவுண்டு, தேய்ந்த கான்வாஸ் ஷூ. அதெல்லாம் அப்போது என் கண்ணில் படவில்லை.

"சார், இங்க நோவுதுங்க சார்." முழங்காலுக்குக் கீழே, கெண்டைச் சதைக்கு உள்பக்கமாக, எலும்பு ஓரத்தைக் காட்டினாள்.

நான் குனிந்துகூடப் பார்க்கவில்லை. "லாக்டிக் ஆசிட்தான். ஓடு கண்ணு, போயிரும்."

ஓடினாள். முதலில் சில நாள் உடம்பு சூடேறியதும் வலி குறைந்தது போலத்தான் இருந்தது. "பாத்தியா?" என்றேன். பிறகு ஓட ஓட வலி ஏற ஆரம்பித்தது. அதற்கும் என்னிடம் பதில் இருந்தது: நிறைய சேர்ந்துவிட்டது, நன்றாகக் கரைக்க வேண்டும். பயிற்சிக்கு மறுநாள் கேலரிப் படிகளில் ஏறி இறங்க விட்டேன். கெண்டைக்காலை அழுத்தித் தேய்க்கச் சொன்னேன். நொண்டுவதை மறைக்கக் கற்றுக்கொண்டாள். வாத்தியார் சொன்னால் கேட்கிற பிள்ளை அவள்.

மாவட்டப் போட்டிக்கு முன்னால் ஒரு காலையில் அவளால் காலை ஊன்ற முடியவில்லை.

ஆஸ்பத்திரிக்கு நானும் போனேன். எக்ஸ்ரேவில் பளிச்சென்று ஒன்றும் தெரியவில்லை, எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி. பாத்தீங்களா, எலும்பு நல்லாத்தான் இருக்குது என்று சொல்ல வாயெடுத்தேன். எலும்பு டாக்டர் படத்தை வைத்துவிட்டு அவள் காலைப் பிடித்தார். கட்டைவிரலால் எலும்பு மேலேயே மெதுவாக, மேலிருந்து கீழாக, கொஞ்சம் கொஞ்சமாக அழுத்திக்கொண்டு வந்தார். ஓர் இடத்தில் அவள் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். அந்த இடத்துக்கு மேலேயும் வலி இல்லை, கீழேயும் இல்லை. விரல் வைக்கிற அளவுக்கு ஓர் இடம்.

"எத்தன நாளா இருக்குதும்மா?"

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு டாக்டரைப் பார்த்துச் சொன்னாள்: "ரொம்ப நாளா இருக்குதுங்க. லாக்டிக் ஆசிட்னு சார் சொன்னாருங்க."

டாக்டர் என் பக்கம் திரும்பினார். சிரிக்கவில்லை, கோபமும் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் மாதிரி கேட்டார்: "எலும்புலயா சார்?"

சின்ன அறை அது. ஸ்டூலில் அவள், சுவரோரம் அம்மா, நடுவில் நான். கழுத்தில் விசில் வேறு தொங்கிக்கொண்டிருந்தது, கிரவுண்டிலிருந்து நேராக வந்திருந்தேன். அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை என்பது மட்டும் பிரச்சினை இல்லை. அந்தக் கேள்வியை நான் ஒரு தடவைகூட என்னைக் கேட்டுக்கொண்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அவள் சதையைக் காட்டவே இல்லை. ஆரம்பத்திலிருந்தே எலும்பைத்தான் காட்டிக்கொண்டிருந்தாள். நான் பார்த்தது என் நோட்ஸை. அவள் அம்மா மெதுவாகச் சொன்னார்: "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நானும் ஓடச் சொல்லிட்டனுங்க." அதில் குற்றச்சாட்டே இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர். ஒரே அடியில் முறிவது இல்லை. எலும்பு தன்னைச் சரிசெய்துகொள்ள நேரம் கொடுக்காமல் மறுபடி மறுபடி சுமை ஏற்றினால் மெல்லியதாக விழும் விரிசல். முதல் சில வாரம் எக்ஸ்ரேவில் தெரியாமலே போகலாம். பிறகு எடுத்த எம்.ஆர்.ஐ. படத்தில் தெரிந்தது. டாக்டர் அவள் அம்மாவிடம் வேறு சில கேள்விகள் கேட்டார். காலையில் என்ன சாப்பிடுகிறாள், மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா என்று. ஓடும் ஓட்டத்துக்குத் தேவையான சாப்பாடு உடம்புக்குள் போகாத பெண் பிள்ளைகளுக்கு இந்த விரிசல் வரும் ஆபத்து அதிகமாம். அவள் பெரும்பாலும் டீ மட்டும் குடித்துவிட்டு ஓட வந்தது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். தினமும் காலையில் அவளைப் பார்த்தவன் நான். கடிகாரத்தைப் பார்த்து நேரம் எழுதியிருக்கிறேன், சாப்பிட்டாயா என்று கேட்டதில்லை.

பள்ளிக்குத் திரும்பியதும் விலங்கியல் டீச்சரிடம் போய் நின்றேன். என் பீரியடை ஒருநாளும் கேட்காதவர் அவர், அதனால் அவரிடம் கேட்பதில் கௌரவக் குறைச்சல் தெரியவில்லை. "லாக்டிக் ஆசிட்னா என்னங்க டீச்சர்? எனக்குத் தெரியும்னு நெனச்சுட்டு இருந்தேன்."

அவர் பழைய விடைத்தாள் ஒன்றின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினார். தசை குளுக்கோஸை உடைக்கிறது. உடைத்ததும் பைருவேட் வருகிறது, கூடவே இரண்டு ஏ.டி.பி. ஆக்சிஜன் பக்கமெல்லாம் போகாமலே உடனடியாகக் கைக்கு வரும் சக்தி அது. ஆனால் உடைக்கும் வேலை தொடர்ந்து நடக்க என்.ஏ.டி. என்று ஒன்று காலியாகத் திரும்பத் திரும்பக் கிடைக்க வேண்டும். "டீக்கடை கிளாஸ் மாதிரி சார். இருக்கறது கொஞ்சம் கிளாஸ்தான். குடிச்ச கிளாஸ் திரும்பி வந்தாத்தான் அடுத்த டீ ஊத்த முடியும்." அந்த என்.ஏ.டி. சுமக்கும் ஹைட்ரஜனைப் பைருவேட் வாங்கிக்கொண்டு லாக்டேட்டாக மாறுகிறது. லாக்டேட் உண்டாவதால்தான் ஓட்டம் தொடர்கிறது. நான் எதிரி என்று சொல்லிக்கொண்டிருந்த ஆள்தான் ஓட்டத்தை நடத்திக்கொண்டிருந்திருக்கிறான்.

அமிலம் என்று சொல்வதுகூடச் சரியில்லை என்றார். உடம்பிலிருக்கும் நிலையில் அதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட அமில வடிவத்தில் இருப்பதில்லை. மீதி எல்லாம் லாக்டேட். "அப்ப ஓடும்போதே தொட எரியுதே, அது?" என்று விடாமல் கேட்டேன். முழு வேகத்தில் ஓடும்போது தசையில் அமிலத்தன்மை ஏறுவது உண்மைதான், லாக்டேட்டும் அதே சமயத்தில் ஏறும், இரண்டும் சேர்ந்தே தென்படுவதால் பழி முழுக்க இதன் மேல் விழுந்தது என்றார். அந்த எரிச்சல் ஓட்டம் நின்ற சில நிமிடங்களில் தணிந்துவிடும். சும்மா இருக்கும்போது ரத்தத்தில் லிட்டருக்குச் சுமார் 1 மில்லிமோல் இருக்கும் லாக்டேட், உயிரைக் கொடுத்து 400 மீட்டரோ 800 மீட்டரோ ஓடினால் 15, அதற்கு மேலும் போகலாம். ஓட்டம் முடிந்து ஒரு மணி நேரம் போல ஆனால் பழைய அளவுக்குப் பக்கத்தில் வந்துவிடும். மறுநாள் காலை நான் அந்தப் பிள்ளையைப் படியேற விட்டுக் கரைக்கச் சொன்னபோது, அவள் காலில் கரைப்பதற்கு ஒன்றும் இல்லை.

எங்கே போகிறது அத்தனையும்? இதைக் கேட்டபோதுதான் எனக்கு வாய் அடைத்துப் போயிற்று. ஒரு பங்கு கல்லீரலுக்குப் போய் மறுபடி குளுக்கோஸாகித் தசைக்கே திரும்புகிறது. இந்தச் சுழற்சியைக் கண்டுசொன்னவர்கள் கார்ல் கோரி, கெர்ட்டி கோரி தம்பதி. 1947-ல் நோபல் பரிசு பெற்றார்கள். பெரும்பங்கு எரிபொருளாகவே எரிந்துபோகிறது. ஒரு தசையில் உண்டானதைப் பக்கத்துத் தசை எரிக்கிறது, இதயம் எரிக்கிறது, மூளைகூட எரிக்கிறது. ஆக்சிஜன் தாராளமாக இருக்கும்போதும் லாக்டேட் உண்டாகிக்கொண்டேதான் இருக்கிறது, உறுப்புக்கு உறுப்பு கைமாறுகிறது என்று கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் புரூக்ஸ் 1980-களிலிருந்து சொல்லிவருகிறார். நான் நோட்ஸ் எழுதிய காலத்திலேயே அவர் சொல்லிவிட்டார். நோட்ஸுக்கு வந்து சேரவில்லை.

அதற்கப்புறம் கிடைத்ததையெல்லாம் படித்தேன். மனசு ஓரளவு ஆறுவதற்கு அதுவும் ஒரு வழியாக இருந்தது. பெரிய மூளைகளும் இதே இடத்தில் சறுக்கியிருக்கின்றன. 1780-ல் ஸ்வீடனில் ஷீலே புளித்த பாலிலிருந்து இந்த அமிலத்தைப் பிரித்தார். 1807-ல் பெர்சீலியஸ் அதைத் தசையில் கண்டார், ஓடிக் களைத்த வேட்டை மான்களின் இறைச்சியில் அதிகம் இருப்பதாகச் சொன்னார். 1907-ல் கேம்பிரிட்ஜில் ஃபிளெட்சரும் ஹாப்கின்ஸும் தவளையின் தசையை ஆக்சிஜன் இல்லாமல் வேலை வாங்கியபோது அது சேர்ந்துகொண்டே போயிற்று, தசையும் களைத்துப் போயிற்று. களைப்பு இருக்கும் இடத்தில் எல்லாம் இதுவும் இருக்கிறது. வேறென்ன சாட்சி வேண்டும்? தசை சுருங்குவதே லாக்டிக் அமிலத்தால்தான் என்று ஏ.வி. ஹில், ஓட்டோ மேயர்ஹோஃப் காலத்தில் நம்பினார்கள். தசை ஆராய்ச்சிக்காக அந்த இருவருக்கும் 1922-ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசும் வந்தது.

அந்த நம்பிக்கையை முதலில் ஆட்டிவைத்தவர்களில் ஒருவர் நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர் என்பது எனக்கு வயதான பிறகுதான் தெரிந்தது. எல்லாப்பிரகட சுப்பாராவ். காதி உடுத்தி வந்ததால் ஆங்கிலேயப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் அதைவிடத் தாழ்ந்த எல்.எம்.எஸ். சான்றிதழோடு வெளியேறியவர். அமெரிக்கா போய், ஹார்வர்டில் ஃபிஸ்க்குடன் சேர்ந்து 1927-ல் தசையில் பாஸ்போகிரியேட்டின் இருப்பதைக் கண்டுசொன்னார். தசைக்கு உடனடிச் சக்தி அங்கிருந்தும் வருகிறது. 1930-ல் டென்மார்க்கின் லுண்ட்ஸ்கார்ட், லாக்டிக் அமிலம் உண்டாகவே முடியாதபடி நஞ்சூட்டிய தசையும் சுருங்குகிறது, களைத்தும் போகிறது என்று காட்டினார். ஹில் என்ன செய்தார் என்பதுதான் எனக்கு முக்கியம். தசை உடலியலில் புரட்சி நடந்துவிட்டது என்று 1932-ல் அவரே கட்டுரை எழுதினார். நோபல் வாங்கிய கைதான் எழுதியது. நானோ கிரவுண்டில் பிள்ளைகளிடம் சொல்ல ஒரு பருவம் முழுக்கத் தயங்கினேன்.

சரி, மறுநாள் வலிப்பது எதனால்? இதைப் புத்தகம் சொல்லியும் நான் முழுசாக நம்பவில்லை. வெள்ளியங்கிரி மலைதான் நம்ப வைத்தது. சிவராத்திரி சமயத்தில் பூண்டியில் மூங்கில் தடி வாங்கிக்கொண்டு ஏழு மலை ஏறுவது எங்கள் பக்கத்து வழக்கம், நானும் பல தடவை போனவன். ஏறும்போது நாக்கு தள்ளும், நெஞ்சு அடிக்கும், பேச்சு வராது. லாக்டேட் எகிறும் நேரம் அதுதான். இறங்கும்போது மூச்சே வாங்காது, ஊர்க்கதை பேசிக்கொண்டே வரலாம். ஆனால் முன்தொடை வெடவெடவென்று நடுங்கும். இரண்டு நாள் கழித்துக் கழிப்பறையில் உட்கார முடியாமல் அலறுவது அந்த முன்தொடைதான். ஏறிய களைப்பு என்றுதான் எல்லோரும் சொல்வோம். வலியைக் கொடுப்பது இறக்கம். உடம்பின் எடையைத் தாங்கிக்கொண்டே தசை நீளும்போது அதன் நுண்ணிய இழைகள் சேதப்படுகின்றன, அதைச் சரிசெய்யும் வேலையில் வீக்கமும் வலியும் வருகின்றன. தசைக்குள் ஏற்படும் சிதைவுதான் காரணம் என்று தியோடர் ஹஃப் என்பவர் 1902-லேயே ஊகித்திருக்கிறார். 1983-ல் டிரெட்மில்லைச் சமமாக வைத்து 45 நிமிடம், சரிவாக வைத்து 45 நிமிடம் என்று ஓட விட்டுப் பார்த்திருக்கிறார்கள். சமதளத்தில் லாக்டேட் ஏறியது, வலி வரவில்லை. சரிவில் லாக்டேட் ஏறவில்லை, வலி வந்தது. இந்தச் சோதனையை வருஷா வருஷம் என் சொந்தக் காலிலேயே நடத்திக்கொண்டிருந்திருக்கிறேன், முடிவைத்தான் பார்க்கவில்லை.

ஓட்டம் முடிந்ததும் மெதுவாக ஓடி ஆறுவது தவறில்லை. அப்படி ஓடினால் லாக்டேட் இன்னும் சீக்கிரம் குறையும். அந்த வழக்கத்தை நான் விடவில்லை. மறுநாள் வலிக்கு அதை மருந்தாக்கியது, எலும்பு வலிக்கும் அதையே கொடுத்தது, இரண்டும் நான் சேர்த்துக்கொண்டவை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். வயிற்றுப்போக்கில் துவண்டு போய் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது எனக்கு ஏற்றிய பாட்டிலின் பெயர் ரிங்கர்ஸ் லாக்டேட். லேபிளில் சோடியம் லாக்டேட் என்று அச்சடித்திருந்தது. உடம்பு தேறட்டும் என்று நரம்பு வழியாக இதை ஏற்றுகிறார்கள். நான் ஓட ஓட விரட்டச் சொன்னவன்.

அந்தப் பிள்ளைக்குக் கால் நன்றாகவே கூடியது. மாவட்டப் போட்டி அவள் இல்லாமல் நடந்தது. அடுத்த வருஷம் பத்தாவது. பப்ளிக் எக்ஸாம் இருக்கும்போது கிரவுண்டுக்கு அனுப்பும் வீடு அபூர்வம், அவள் வீடும் அனுப்பவில்லை. அம்மா என்னிடம் மரியாதையாகத்தான் சொன்னார்: "படிக்கட்டுங்க சார், ஓட்டம் போதும்." ஒன்பதாவதில் மாநிலம் வரை போயிருந்தால் அந்த வீட்டின் பதில் வேறாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரிந்திருக்கும். பள்ளியை விட்டுப் போகும் சமயத்தில் அவளிடம், நான் சொன்னது தப்பு கண்ணு என்றேன். "பரவால்லீங்க சார்" என்றாள். வேறென்ன சொல்வாள், வாத்தியாரிடம்? அதற்கப்புறம் அவள் எந்தப் போட்டியிலும் ஓடவில்லை.

இன்றைக்குக் காலையில் கிரவுண்டில் பிள்ளைகளை ஓட விடும் வாத்தியார்களுக்கும் அப்பா அம்மாக்களுக்கும் ஒரு வார்த்தை. முந்தின நாள் புதிதாக ஏதோ செய்து இரண்டு தொடையும் பரவலாக வலித்தால் சில நாளில் தானே போய்விடும். ஒரே காலில், எலும்பு மேல், விரல் வைத்துக் காட்டுகிற மாதிரி ஓர் இடம் வலிக்கிறது என்று பிள்ளை சொன்னால் அன்றைக்கு ஓட விடாதீர்கள். எலும்பு டாக்டரிடம் கூட்டிப் போங்கள். எக்ஸ்ரே சுத்தமாக இருந்தாலும் வலி போகவில்லை என்றால் மறுபடி கூட்டிப் போங்கள். காலையில் என்ன சாப்பிட்டாய் என்றும் கேளுங்கள்.